ஆனேக்கல் மேட்டில் ஒரு விறகுத் தோட்டம்

வீடு பெங்களூரு அல்சூரில். மாமனார் வழியில் வந்த இரண்டு ஏக்கர் ஆனேக்கலுக்குத் தெற்கே. கீழ் ஏக்கர் நல்ல செம்மண், ராகி விளையும். மேல் ஏக்கர் கல்லும் சரளையும். முன்பு அங்கே நீலகிரி நின்றது; தைலமரத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். 2017-ல் கர்நாடக அரசு அதைப் புதிதாக நடத் தடை போட்டது. லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கட்டைகளை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு கிளைரிசிடியாவுக்கு மாறினேன்.

வேலியோரம் பார்த்திருப்பீர்கள், தை மாசியில் இலை உதிர்ந்து ரோஸ் நிறத்தில் பூக்குமே, அதுதான். கன்னடத்தில் 'கொப்பரத கிட', அதாவது எருச்செடி. இலங்கையில் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக அரசே இதை அறிவித்திருக்கிறது, முக்கியமாக விறகுக்காக.

நடுவதற்கு முன் இரண்டு விஷயம். ராகி விளையும் மண்ணை விறகுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்து, வாங்குபவரை முதலில் பாருங்கள்: சாயப்பட்டறை, சத்திரத்துச் சமையல்கட்டு, பாய்லர் வைத்திருக்கும் சின்ன ஆலை. விறகு இடத்தை அடைக்கும், எடை நிற்காது. முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் லாரி வாடகைதான் மிஞ்சும்.

போத்து, அதாவது வெட்டிய கிளையை அப்படியே ஊன்றி நடுவது சுலபம் என்பார்கள். நானும் அப்படித்தான் முதல் வருடம் மார்ச்சில் இருநூறு போத்து ஊன்றினேன். மே மாதம் எண்ணியபோது பதினேழு உயிரோடு இருந்தன. தண்ணீர் பாயும் வரப்புக்குப் போத்து சரி. மானாவாரி மேட்டுக்கு விதைதான். விதைக்கன்றுக்குத்தான் ஆணிவேர் நேராக இறங்கும்.

பங்குனி வெயிலில் காய்கள் வெடித்துச் சிதறும். அதற்கு முன்பே, பழுப்பானதும் பறித்துச் சாக்கில் போட்டுவிடுங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து, பைக்கு இரண்டாக ஊன்றினால் பத்து நாளுக்குள் முளை தெரியும். பைமண்ணில் பழைய கிளைரிசிடியா அடியிலிருந்து ஒரு பிடி மண் கலப்பது நல்லது. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடிக்கும் வேர்முடிச்சு பாக்டீரியா அதிலேயே வந்துவிடும். யூரியா வாங்கிப் போட்டதில்லை. விறகுக்குப் போய் போர் தண்ணீர் இறைக்கவும் மாட்டேன்.

ஜூனில் இரண்டு மழை நன்றாக இறங்கியதும் நடவு. செடிக்குச் செடி ஒரு மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர். ஏக்கருக்குச் சுமார் இரண்டாயிரம் கன்று பிடிக்கும். சரிவுக்குக் குறுக்கே வரிசை போங்கள், மண் நிற்கும். முதல் வருடம் களை எடுப்பதும் ஆட்டை விரட்டுவதும்தான் வேலை.

அறுவடைதான் கவனிக்க வேண்டிய இடம். ஒன்றரை வருடம் கழித்து முதல் வெட்டு, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், தண்ணீர் தேங்காதபடி சாய்வாக. அரிவாள் மழுங்கியிருந்தால் பட்டை கிழியும். கிழிந்த இடம் அழுகும். பட்டறைப் புத்தி போகுமா, கையில் தடிப்பு அளக்கும் வெர்னியர் வைத்திருக்கிறேன். இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் தடிப்புள்ளது விறகு. அதற்குக் கீழே உள்ள குச்சியும் எல்லா இலையும் வெட்டிய இடத்திலேயே கிடக்க வேண்டும். மரத்தின் சத்தில் பெரும்பங்கு இலையிலும் மெல்லிய கிளையிலும் பட்டையிலும்தான் இருக்கிறது. அதையும் வண்டியில் ஏற்றினால் நாம் விற்பது விறகு இல்லை, மண்ணைத்தான். கொஞ்சம் தழை மட்டும் ராகிக் காட்டுக்குப் போகும். வெட்டிய கட்டையில் கொத்தாகத் துளிர்க்கும். நாலைந்தை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அதன்பின் வருடம் ஒரு வெட்டு.

அப்புறம் காயவைப்பது. பச்சை விறகில் ஏறக்குறைய பாதி தண்ணீர். என் முதல் லோடை ஓர் ஆலைக்காரர் ஈரம் என்று சொல்லி விலையைப் பாதியாக்கினார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நிஜம். தளியிலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: "ரெண்டு குச்சிய மோதிப் பாருங்க சார். டொக்குன்னா ஈரம். கணீர்னு கேக்கணும்."

எனக்குக் காது போதவில்லை, தராசு வேண்டும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டை எடுத்து 200 கிராம் நறுக்கி, ஓவனில் 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்தேன். 158 கிராமில் நின்றது. போனது 42, அதாவது ஈரம் 21 சதவீதம். இருபதை ஒட்டி இருந்தால் ஏற்றலாம். தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டால் மூன்று மாதத்தில் அந்த நிலைக்கு வரும். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் பூஞ்சைதான் பிடிக்கும்.

போன வருடம் காய்ந்த எடையில் இரண்டரை டன் கிடைத்தது. விறகை எரிவாயுவாக்கி இன்ஜின் ஓட்டும் கேசிஃபையரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ விறகு போகும். டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம்மவர்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகம், 1980களின் கடைசியில் தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளியில் இப்படி விறகு வாயுவோடு கொஞ்சம் டீசலும் சேர்த்து ஊர் விளக்கை எரித்துக் காட்டியது. எனக்கு அவ்வளவு ஆசையில்லை. என் விறகு சாயப்பட்டறைக்குப் போகிறது. ஓவன் மட்டும் இப்போது காட்டுக் கொட்டகையில் இருக்கிறது. கேக்கில் விறகு வாசம் வருகிறதாம், வீட்டில் உத்தரவு.