கொலை வழக்கு மேன்முறையீட்டில் 'அங்கே நிற்கவில்லை', 'சித்தம் சரியில்லை': தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஒருவருக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டால், அன்று மாலையே அவருடைய வீட்டார் சட்டத்தரணியைத் தேடி வருவார்கள். 'அந்த நேரம் அவன் அங்க நிக்கவே இல்லை' என்பார் ஒருவர். 'அவனுக்கு அப்ப மனநிலை சரியில்லை' என்பார் இன்னொருவர். இந்த இரண்டு வாதங்களையும் மேன்முறையீட்டுக்கென்று சேமித்து வைத்திருந்ததைப் போலப் பேசுவதுதான் முதல் தவறு. இவை விசாரணையின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டியவை.

வேறிடத்தில் இருந்ததாகக் கூறும் வாதத்தை, அதாவது அலிபியை, எப்போது சொல்ல வேண்டும் என்பதைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 126அ பிரிவு வரையறுக்கிறது. பொலிஸ் வாக்குமூலத்தில் சொல்லியிருக்க வேண்டும்; அல்லது நீதவான் முன்னிலையில் நடந்த ஆரம்ப விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும்; அதுவும் இல்லையென்றால், குற்றப்பகர்வுப் பத்திரம் கையளிக்கப்பட்ட பின்னர், வழக்கு விளக்கம் தொடங்குவதற்கு 14 நாள்களுக்கு முன் சட்டமா அதிபருக்கு அறிவித்திருக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால், அரச தரப்பு தன் சாட்சியத்தை முடிக்கும் முன்னர் நீதிமன்றம் அனுமதிக்கலாம். நேரம், இடம், உடனிருந்தவர் ஆகிய மூன்றும் அந்தக் கூற்றில் இருக்க வேண்டும். 'வயலுக்குப் போயிருந்தேன்' என்பது போதாது. நெடுங்கேணிப் பக்கத்தில் யானைக் காவலுக்குக் கொட்டிலில் படுத்திருந்தவர், எந்த வாய்க்கால் கரைக் கொட்டில், எத்தனை மணிக்குப் போனார், பக்கத்து வயற்காரர் யாரோடு தேநீர் குடித்தார் என்று சொன்னால்தான் அதைச் சரிபார்க்க முடியும். தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், தான் சொன்ன அந்த வரி இருக்கிறதா என்று கேட்டறியாமல் கையொப்பமிடுவது எங்கள் பகுதியில் நான் மிகவும் வருந்தும் தவறு. பல ஆண்டுகள் கழித்து மேன்முறையீட்டில் அந்த வரியைத் தேடும்போது அது வழக்குக் கோவையில் இருக்காது.

எண்பிக்கும் சுமையை, அதாவது நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றிய குழப்பம் இன்னும் ஆழமானது. அலிபி என்பது தண்டனைச் சட்டக்கோவை தரும் விதிவிலக்கு அன்று. அது ஒரு சான்று நிகழ்வு மட்டுமே என்று மார்ஷல் வழக்கில் நமது நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், அதை எண்பிக்கத் தேவையில்லை. அரச தரப்பின் கதையில் அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினாலே போதும். எதிரிக் கூண்டில் நின்று சத்தியம் செய்யாமல் சொன்ன கூற்றுக்கும் இது பொருந்தும் என்பதைக் குலரத்ன வழக்கு காட்டுகிறது. ஆகவே மேன்முறையீட்டு மனுவை எழுதுபவர் தீர்ப்பை வரி வரியாகப் படித்து, 'எதிரி தன் அலிபியை எண்பிக்கத் தவறிவிட்டார்' என்ற வாசகம் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது சட்டப் பிழை. ஆயினும் அதைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பிழையால் எதிரியின் முக்கிய உரிமைக்குப் பாதிப்போ நீதி தவறுதலோ ஏற்பட்டதென்றும் காட்ட வேண்டும். அரசியலமைப்பின் 138ஆவது உறுப்புரை அதைக் கேட்கிறது. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் முப்பது அடி தூரத்திலிருந்து ஒரே சாட்சி முகத்தை அடையாளம் கண்ட வழக்கில், இந்தப் பிழை தீர்ப்பையே புரட்டக்கூடியது. அலிபி நம்பப்படாமற் போனாலும் அந்த அடையாளம் காணல் தன் காலில் நிற்க வேண்டும்.

மனநிலை வாதத்தில் நிலைமை நேர்மாறானது. லண்டனில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் சொல்லித்தரும் 'குறைந்த பொறுப்பு' என்ற வாதம் இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டு மனிதக்கொலைச் சட்டத்தில் வந்தது. அங்கே அது கொலையை அதனிலும் தாழ்ந்த குற்றமாகக் குறைக்கும். எமது தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவில் உள்ள, கொலையைத் தாழ்ந்த குற்றமாக்கும் விதிவிலக்குகளில் அப்படியொன்று இல்லை. பிள்ளை பெற்ற பின் மனச் சமநிலை குலைந்த நிலையில், பன்னிரண்டு மாதத்துக்குட்பட்ட தன் குழந்தையின் மரணத்துக்குக் காரணமான தாய்க்கு மட்டுமே மனநிலையை ஒட்டிய விதிவிலக்கு அதில் உண்டு. அத்தகைய தாயின் வழக்கில் இதைக் கவனிக்காமல் விடுவது பெருந்தவறு. மற்றையோருக்கு 77ஆம் பிரிவுதான்: செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ அறிய முடியாத சித்த சுவாதீனமின்மை. இதைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி எதிரியே, நிகழக்கூடியதென்று காட்டும் அளவுக்கு எண்பிக்க வேண்டும். போரில் பிள்ளைகளை இழந்தவர், பல ஆண்டுகளாக மனநலக் கிளினிக்குக்குப் போனவர் என்பது மட்டும் போதாது. செயல் நடந்த வேளையில் அவர் எப்படி இருந்தார் என்பதே கேள்வி. ஆனாலும் அந்தக் கிளினிக் கொப்பியை எறிந்துவிடக் கூடாது. வாதம் வென்றால் அன்றே வீட்டுக்கு வருவார் என்று நம்புவதும் தவறு. நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கக் கட்டளையிடும்.

'நான் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது' என்று எதிரியின் வாயாலேயே இரண்டையும் சொல்ல வைப்பது இரண்டையும் கெடுக்கும். ஆனால் 294ஆம் பிரிவின் விதிவிலக்குகளான திடீர்ச் சண்டையோ கடுமையான ஆத்திரமூட்டலோ அரச தரப்புச் சாட்சியத்திலேயே தெரிந்தால், அலிபி சொன்ன எதிரிக்கும் அதை நீதிபதி கருதியிருக்க வேண்டும் என்று வாதிடுவது முரண்பாடு ஆகாது. கொலைக்கு 296ஆம் பிரிவு தரும் மரண தண்டனைக்கும், தாழ்ந்த குற்றத்துக்கு 297ஆம் பிரிவு தரும் 20 ஆண்டு வரையான சிறைக்கும் உள்ள இடைவெளி மனுவில் அப்படி வாதிடும் ஒரு பந்தியில் தங்கியிருக்கலாம்.

மேன்முறையீட்டு மனுவை மேல் நீதிமன்றத்தில் 14 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடைக்குப் பேருந்து ஏறுவதற்கு முன், வவுனியாவிலேயே அந்த நாள்களை எண்ணத் தொடங்குங்கள்.