புது மதர்போர்டு மாட்டிய பிறகு விர்ச்சுவல் மெஷின் விழுந்துகொண்டே இருக்கிறதா?

என் நண்பர் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பழைய பில்லிங் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதனால் கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸில் ஒரு எக்ஸ்பி மெஷின் போட்டு, அதற்குள் ஆறு வருடக் கணக்கை வைத்திருந்தார். மதர்போர்டு பழுதாகி, இன்டெல் ப்ராசசர் இருந்த இடத்தில் ஏஎம்டி ரைசன் ப்ராசசர் வந்தது. கணினி நன்றாக எழுந்தது, எக்ஸ்பி மட்டும் திறந்தவுடன் மூடிக்கொண்டது. "எல்லாம் போச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

போகவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். விர்ச்சுவல் மெஷினுக்குள் தெரியும் டிஸ்க், கிராஃபிக்ஸ், நெட்வொர்க் கார்டு எல்லாமே மென்பொருள் காட்டும் மாதிரிகள். வெளியே எதை மாற்றினாலும் அவை மாறாது. ப்ராசசர் அப்படி இல்லை. உங்கள் கணினியில் உண்மையாக இருக்கும் ப்ராசசரைத்தான் உள்ளே இருக்கும் விண்டோஸும் பார்க்கிறது. ஆகவே ப்ராசசர் மாறினால் அதற்கும் மாறுகிறது, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

எதையும் தொடுவதற்கு முன் விர்ச்சுவல் பாக்ஸை முழுக்க மூடிவிட்டு, அந்த மெஷினின் ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். 40 ஜிபி என்றாலும் காத்திருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

அடுத்து, அது எந்த இடத்தில் விழுகிறது என்று கவனியுங்கள்.

தொடங்கவே மறுக்கிறது என்றால்

புதிய போர்டின் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன், அதாவது விர்ச்சுவல் மெஷினை ஓட்ட ப்ராசசர் தரும் வசதி, அணைந்திருக்கலாம். இன்டெல் போர்டில் விடி-எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி போர்டில் எஸ்விஎம் மோடு என்றும் இருக்கும். ப்ராசசர் அமைப்புகளிலோ ஓவர்கிளாக்கிங் பகுதியிலோ தேடினால் கிடைக்கும். விர்ச்சுவல் பாக்ஸ் 6.1 முதல் இது இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது.

பிரிட்ஜ்டு நெட்வொர்க் (மெஷினை உங்கள் உண்மையான நெட்வொர்க் கார்டோடு இணைக்கும் முறை) வைத்திருந்தால், பழைய நெட்வொர்க் கார்டின் பெயரைத் தேடி, அது கிடைக்காமலும் நின்றுபோகும். செட்டிங்ஸில் போய்ப் புதிய கார்டைத் தேர்ந்தெடுத்தால் சரி. எக்ஸ்பி என்றால் நெட்வொர்க்கையே அணைத்து வைப்பது நல்லது. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.

"சேவ்டு" நிலையிலிருந்து திரும்பும்போது விழுகிறது என்றால்

நண்பருக்கு நடந்தது இதுதான். தினமும் கடை மூடும்போது அவர் எக்ஸ்பியை ஷட் டவுன் செய்வதில்லை. ஜன்னலை மூடி "சேவ் தி மெஷின் ஸ்டேட்" கொடுத்துவிடுவார். அந்த நேரத்து ரேம் மட்டுமின்றி ப்ராசசரின் நிலையும் அப்படியே கோப்பாகிவிடும். இன்டெல்லில் பாதியில் நின்ற வேலையை ஏஎம்டியில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

பழைய போர்டு இன்னும் ஓடுகிறது என்றால், ஒருமுறை அதில் திறந்து முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு வாருங்கள். அதற்கு வழியில்லை என்றால், மெஷின் மெனுவில் "டிஸ்கார்டு சேவ்டு ஸ்டேட்" இருக்கிறது. அதை அழுத்தினால் ஓடுகிற கணினியின் ப்ளக்கைப் பிடுங்கியது போல ஆகும். டிஸ்க்கில் சேமித்தது இருக்கும், சேமிக்காமல் திறந்து வைத்திருந்தது போய்விடும். நண்பருக்குப் போனது பாதி அடித்த ஒரே ஒரு பில். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த ஸ்னாப்ஷாட்களுக்கும் (பிறகு திரும்பிப் போகச் சேமித்து வைக்கும் நிலைகள்) இதே கதிதான். புதிய ப்ராசசரில் அவற்றை நம்பி இருக்காதீர்கள்.

விண்டோஸ் லோகோ வந்தபின் நீலத்திரை என்றால்

டிஸ்கார்டு செய்த பிறகு எங்களுக்கு 7ஈ என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை வந்தது. இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்குப் போன எக்ஸ்பிக்கு இது தெரிந்த நோய். இன்டெல் ப்ராசசரின் மின் மேலாண்மைக்கான "இன்டெல்பிபிஎம்" என்ற டிரைவர், ஏஎம்டி என்று தெரியாமல் வேலையைத் தொடங்கி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும்.

மெஷின் தொடங்கும்போதே எஃப்8 அழுத்தி, அவசியமான டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடில் நுழையுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்ற உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ் என்று வரிசையாக இறங்கினால் இன்டெல்பிபிஎம் தெரியும். அதில் "ஸ்டார்ட்" மதிப்பை 4 ஆக்குங்கள். 4 என்றால் அந்த டிரைவர் தொடங்கவே தொடங்காது. மறுபடி துவக்கியதும் எக்ஸ்பி எழுந்தது. ஆறு வருடக் கணக்கும் வைத்த இடத்தில் இருந்தது. நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு முந்தைய நாள் பில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

உள்ளே லினக்ஸ் என்றால் நீலத்திரை வராது. ஏதாவது ஒரு நிரல் மட்டும் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று நிற்கும். பெரிய கணக்குகளை வேகமாகப் போட ப்ராசசரில் இருக்கும் ஏவிஎக்ஸ்-512 போன்ற கட்டளைகள் பழைய ப்ராசசரில் இருந்து புதியதில் இல்லாமல் போயிருக்கலாம். புதிய ப்ராசசர் என்றால் எல்லாம் கூடத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இன்டெல்லின் 11ஆம் தலைமுறையில் இருந்த ஏவிஎக்ஸ்-512, 12ஆம் தலைமுறையில் முடக்கப்பட்டது. அந்த நிரலைப் புதிய ப்ராசசருக்கு ஏற்ப மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

நேரம் காலம் இல்லாமல் விழுகிறது என்றால்

இங்கே விர்ச்சுவல் மெஷினைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, புதிய ரேமைப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் ஒரே மூச்சில் நிறைய ரேமை எடுத்துக்கொள்வதால், மற்ற நேரத்தில் ஒளிந்திருக்கும் கோளாறு அப்போது வெளிப்படும். பயாஸில் ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டிருந்தால் அதை அணையுங்கள். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ பென் டிரைவிலிருந்து துவக்கி ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு வைத்திருக்கும் கணினியில் அதை விட்டு வைக்காதீர்கள்.

இவை எதிலும் அடங்கவில்லை என்றால், மெஷினின் மேல் ரைட் கிளிக் செய்து "ஷோ லாக்" திறந்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், திரையின் புகைப்படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த லாக்கை முழுதாக அனுப்புங்கள்.