இருகை நெடுவாள் பயிற்சிக்கு வாள் தேர்ந்தெடுக்கும் முறை

ஐரோப்பிய நெடுவாள் பழக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே எந்த வாளை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முகக்கவசமும் கையுறையும் வாங்கிவிட்டீர்களா என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். பயிற்சி வாளைப் பிடித்திருப்பது நாமாக இருந்தாலும், அது எத்தகையது என்பதை உடம்பால் அறிகிறவர் எதிரே நிற்பவர்தான். ஆகவே, ஒரு வாளைக் கையில் எடுத்ததும் 'இது எனக்குப் பிடித்திருக்கிறதா' என்று பார்ப்பதற்கு முன், 'இதனால் என்னை ஒருவர் முழு வேகத்தில் குத்தினால் தாங்குவேனா' என்று கேட்டுக்கொள்வது நல்லது. கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டியே அமைந்தவை.

முதலில் எந்த வாளுக்கு மாற்றாக இதை வாங்குகிறோம் என்பது தெளிவாக வேண்டும். பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை ஜெர்மானிய, இத்தாலிய ஆசான்கள் கற்பித்த நெடுவாள், திரைப்படங்களில் காட்டுவதுபோல ஐந்து கிலோ இரும்பு அன்று. பெரும்பாலான வாள்கள் 1.2 முதல் 1.8 கிலோ எடைக்குள் அடங்கிவிடும். நீளத்துக்கு இன்றும் பயன்படும் ஓர் அளவுகோலை ஃபிலிப்போ வாதி என்ற இத்தாலிய ஆசான் 1480களில் எழுதிவைத்தார்: வாளின் முனையைத் தரையில் ஊன்றினால் பிடியின் அடியிலுள்ள குமிழ் அக்குள் வரை எட்ட வேண்டும். உயரமானவர்களுக்கு இன்றைய கடைச் சரக்கு சில வேளை இதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஓரிரு அங்குலம் குறைந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, கூடினால்தான் கை தடுமாறும்.

மர வாள் விலை குறைந்தது, கிடைப்பதும் எளிது. ஆஷ், ஹிக்கரி போன்ற உறுதியான மரங்களில் செய்தவை தனியாக வெட்டுப் பழகவும், இருவர் மெதுவாகச் சேர்ந்து அடவுகளைப் பழகவும் போதுமானவை. ஆனால் மரம் வளையாது. அதன் முனை நெஞ்சிலோ தொண்டையிலோ பட்டால் குத்தியவரின் எடை முழுவதும் அந்த ஓரிடத்தில் இறங்கும். ஆகவே கட்டற்ற ஆட்டத்துக்கு, அதாவது அடவு எதுவும் முன்கூட்டிப் பேசிவைக்காமல் இருவர் வேகமாக மோதும் ஆட்டத்துக்கு, மர வாள் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மேலும், மோதி மோதி அதன் விளிம்பு சிராய் விடத் தொடங்கும்; மணல்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் இழையின் போக்கிலேயே நீளமாக வெடிப்பு கண்டுவிட்டால் அந்த வாளின் காலம் முடிந்தது.

நைலான் போன்ற செயற்கைப் பொருளால் ஆன வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அடி குறைவு, பராமரிப்பு இல்லை, புதியவர்களுக்கு அச்சமும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு வாள்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் கணத்தில், எதிராளி அழுத்துகிறாரா தளர்கிறாரா என்பதைக் கைவழியே அறிவதை ஜெர்மானிய மரபினர் 'ஃப்யூலன்', அதாவது உணர்தல், என்றார்கள். அந்த மரபின் மூல ஆசானான யோகன்னஸ் லீஷ்டெனாவர் வழிவந்த கலையில் பாதி இந்த உணர்தலைச் சார்ந்தது. எஃகு எஃகைச் சற்றுப் பற்றிக்கொள்ளும். நைலானோ வழுக்கிக்கொண்டு போய்விடும். எடையும் குறைவு என்பதால், எஃகு வாளால் இயலாத வேகத்தில் மணிக்கட்டை மட்டும் சுண்டி அடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் நைலானில் ஆடி வென்றவர்கள் எஃகுக்கு மாறிய முதல் நாளில் திணறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

எஃகில் இரண்டு வகை. ஒன்று, உண்மையான வாளின் உருவமும் அகலமும் கொண்ட, கூர் மழுங்கிய வாள். மற்றொன்று, 'ஃபெடர்' என்று வழங்கும் குறுகிய அலகுள்ள பயிற்சி வாள். பிடிக்கும் அலகுக்கும் இடையே குறுக்காக நிற்கும் குறுக்குக் காப்பை அடுத்து அலகு இருபுறமும் விரிந்து சிறு கேடயம்போல் நிற்கும். அதற்கு 'ஷில்ட்' என்று பெயர். இது புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டுச் சாமான் அன்று. ஜெர்மானிய வாள் ஆசான் யோவாகிம் மையர் 1570இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெளியிட்ட நூலின் மரச்செதுக்குப் படங்களில் ஆடுகிறவர்கள் பிடித்திருப்பது இதே உருவந்தான். அலகை ஒடுக்கி, எஞ்சிய எஃகைக் கைக்கு அருகே ஷில்டில் குவிப்பதால், வாளின் எடையும் பிடிமானமும் குலையாமல் முனைப்பகுதி மட்டும் மெலிந்து வளைகிறது. குறுக்காக வீசும் 'ட்ஸ்வெர்ஹாவ்' வெட்டில் கட்டைவிரலை அலகின் தட்டைப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். அங்கே ஷில்ட் நல்ல இடம் தருகிறது.

எதை வாங்குவது என்பது எந்த ஆசானைப் பின்பற்றுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரே தெய் லிபெரியின் மரபில் இடக்கையால் அலகின் நடுவைப் பிடித்துச் செய்யும் அடவுகள் நிறைய உண்டு. அவற்றை மெல்லிய ஃபெடரைவிட அகன்ற மழுங்கல் வாளில் பழகுவது இயல்பாக இருக்கும். ஆனால் அகன்ற வாள் விறைப்பானது. அதை நிதானமான அடவுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, வேக ஆட்டத்துக்கு ஃபெடரை எடுப்பதே சரி. ஒன்றுதான் வாங்க இயலும் என்றால், தயங்காமல் ஃபெடரை வாங்குங்கள்.

ஃபெடரில் கவனிக்க வேண்டியவற்றுள் தலையானது வளைவு. விற்பவர் 'நன்றாக வளையும்' என்று சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். வீட்டில் எடை பார்க்கும் தராசு ஒன்று இருந்தால் போதும். தராசின் மேல் ஒரு பழைய துணியை விரித்து, வாளின் முனையை அதில் செங்குத்தாக ஊன்றி, குமிழின் மேல் இரு கைகளையும் வைத்து மெல்ல அழுத்துங்கள். முள் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலகு வில்லாக வளையத் தொடங்கும்போது முள் கிட்டத்தட்ட நின்றுவிடும். அந்த அளவுதான், குத்து விழும்போது எதிரே நிற்பவரின் விலா எலும்பு தாங்க வேண்டிய தொடர் அழுத்தத்தின் தோராயக் கணக்கு. பத்து கிலோவை ஒட்டி வளைந்தால் நான் நிம்மதியாக ஆடுவேன். பதினைந்தைத் தாண்டினால் அந்த வாளோடு வேகமான குத்துகளுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். வளைவு அலகின் முன்பாதியில் சீராகப் பரவ வேண்டும். ஓரிடத்தில் மட்டும் முறுக்கிக்கொண்டு மடிந்தால் பதமிடுதலில் குறை இருக்கிறது என்று பொருள். கைவிட்டதும் அலகு தானாக நேராக வேண்டும்.

முனை, பின்புறமாகச் சுருட்டப்பட்டோ, தட்டி அகலமாக்கப்பட்டோ இருக்க வேண்டும். அதன்மேல் ரப்பர் அல்லது தோல் உறை போடுவது நல்லது. விளிம்பின் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஓரங்கள் உருண்டு இருக்கட்டும். குறுக்குக் காப்பின் நுனிகளையும் தடவிப் பாருங்கள், நெருங்கிய மல்லுக்கட்டில் முகக்கவசத்தின் வலையில் மோதுவது அதுதான்.

எடையை மட்டும் கேட்டு வாங்குவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. வாளைக் கிடைமட்டமாக ஒரு விரலின்மேல் நிறுத்திப் பாருங்கள். அது சாயாமல் நிற்கும் இடம் குறுக்குக் காப்பிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் வாள் கைக்கு அடங்கும். ஒன்றரைக் கிலோ வாள் நல்ல சமநிலையில் இருந்தால் இலகுவாகத் தோன்றும். அதைவிட நூறு கிராம் குறைந்ததாயினும் முன்கனமான வாள் அரைமணி நேரத்தில் முன்கையை ஓயவைத்துவிடும். ஓய்ந்த கை வெட்டை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாது என்பதால், இதுவும் எதிராளியின் பாதுகாப்பைச் சார்ந்த விஷயமே. என் முதல் எஃகு வாள் அப்படிப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, மூன்றாம் நாளே நண்பர் ஒருவரின் முழங்கையில் முட்டையளவு வீக்கத்தை உண்டாக்கினேன்.

பிடியின் நீளத்தைக் கையுறை அணிந்துகொண்டே சோதிக்க வேண்டும். வெறுங்கைக்கு விசாலமாகத் தோன்றும் பிடி, தடித்த கையுறைகளுக்குள் போனதும் இரண்டு கைக்கும் இடம் போதாமல் நெருக்கும். பிடியும் குமிழும் சேர்ந்து 30 முதல் 35 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாக அமையும். எஃகுக்கு மெல்லிய தோல் கையுறை உதவாது. விரல்களின் மேல் கெட்டியான தகடுகள் அமைந்த கனத்த கையுறை வேண்டும். முகக்கவசம் வாள்விளையாட்டுத் தரத்தில், குத்தைத் தாங்கும் திறனுக்கான 350 அல்லது 1600 நியூட்டன் சான்று பெற்றதாக இருக்கலாம். எஃகு ஆட்டத்துக்கு நான் 1600ஐத்தான் சொல்வேன். விளையாட்டு முகக்கவசம் பின்னந்தலையை மூடாது, ஆகவே அதற்குத் தனி உறையும், தொண்டைக்குத் தனிக் காப்பும் வாங்குங்கள். இவற்றுக்கெல்லாம் பணம் போதவில்லை என்றால் வாளைத் தள்ளிப்போடுங்கள். கழகங்கள் பெரும்பாலும் வாளை இரவல் தருகின்றன. வியர்வையில் ஊறிய கையுறையை யாரும் இரவல் வாங்க விரும்புவதில்லை.

வாங்கிய பிறகும் தேர்வு முடிவதில்லை, ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அதே வாளை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பழைய பருத்தித் துணியை விளிம்பின் இருபுறமும் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே எஃகு பிசிறு விட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறு சட்டையைக் கிழிக்கும், தோலையும் கீறும். அரத்தால் தேய்த்து மறுபடியும் துணியை ஓட்டிப் பாருங்கள். பிறகு எண்ணெய் தடவி வையுங்கள். கடற்கரை ஊர்களில் இரண்டு நாள் மறந்தாலே துரு பூத்துவிடும். பிடியைக் கையில் தட்டிப் பார்த்து, உள்ளே எதுவும் ஆடும் ஒலி கேட்டால் அன்று அந்த வாள் பைக்குள்ளேயே இருக்கட்டும். மெல்லிய வளைவை முழங்காலில் வைத்து நிமிர்த்தலாம். ஆனால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கூர்மையாக மடியும் அலகு, அடுத்த குத்தில் முறியக்கூடியது. முறிந்த முனை மழுங்கலாக இருக்காது. அத்தகைய அலகைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, குமிழையும் காப்பையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதே பட்டறையில் புது அலகு ஒன்றுக்குச் சொல்லிவிடுங்கள்.