பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குப் பெயர் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவில் நிறுவனப் பெயர்கள் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படியும், அச்சட்டத்தின் கீழான 2014ஆம் ஆண்டு நிறுவனப் பதிவு விதிகளின்படியும் பரிசீலிக்கப்படுகின்றன. ஏற்கெனவே பதிவான பெயருடன் ஒப்பிடும்போது ஒருமை பன்மை, இடைவெளி, நிறுத்தற்குறி, ஒலியொத்த எழுத்துமாற்றம், சொற்களின் வரிசை ஆகிய வேறுபாடுகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஊர்ப்பெயரையோ எண்ணையோ சேர்த்தாலும், பழைய நிறுவனம் ஆட்சேபணை இல்லை எனத் தீர்மானம் தராவிட்டால், அது புதுப் பெயராகாது. விண்ணப்பங்கள் பலவும் தடுக்கி விழுவது இங்கேதான் என்பதால், தொழிலைக் குறிக்கும் பொதுச்சொல்லுக்கு முன்னால் தனித்துவமான ஒரு சொல்லை அமைப்பதே பாதுகாப்பானது.

அடுத்து, வர்த்தகமுத்திரைப் பதிவேட்டில் உங்கள் தொழிலுக்குரிய வகுப்பில் (பொருள் அல்லது சேவைப் பிரிவில்) தேடிப் பாருங்கள். நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயர் காலியாக இருப்பது மட்டும் போதாது. வங்கி, காப்பீடு போன்ற சொற்களுக்கு உரிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அத்தொழில் செய்யாதவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

நிறுவனத்தைப் பதிவுசெய்யும் இணையப் படிவமான ஸ்பைஸ் பிளஸ் (SPICe+) படிவத்தின் முதல் பகுதியில் 1,000 ரூபாய் கட்டணத்துடன் இரண்டு பெயர்களை முன்மொழியலாம். இரண்டாவதை ஒப்புக்கு எழுதாதீர்கள், அதுவே கிடைக்கக்கூடும். ஒப்புதலான பெயர் முதலில் 20 நாள்களுக்கு ஒதுக்கப்படும் என்பதால், மற்ற ஆவணங்களை முன்னரே தயாரித்துக்கொள்ளுங்கள்.