செங்கடல் பத்தி புது ஆராய்ச்சி எப்படி தேடறது

தண்டையார்பேட்டைல நம்ம பசங்க நெறைய பேரு யுபிஎஸ்சிக்கு படிக்கிறாங்க, ஆனா வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்ட வெச்சே வெளியுறவு பத்தி எழுதறாங்க, மனசு கஷ்டமா இருக்கு. ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கோங்க. 2023 நவம்பர்ல செங்கடல்ல ஹூதிங்க (ஏமன் நாட்டு ஆயுதக் குழு) கப்பல தாக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் நெறைய கப்பலு ஆப்பிரிக்காவ சுத்திட்டு போச்சு, நம்ம ஹார்பர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுற அண்ணனுங்களுக்கும் இதுல சம்பந்தம் இருக்கு இல்ல?

இத பத்தி கூகுள் ஸ்காலர்ல (ஆராய்ச்சிக் கட்டுரை தேடற கூகுள் தளம்) தேடுனதும் பக்கத்துல வருஷம் கேக்கும், அதுல 2024 போடுங்க, பழசெல்லாம் போயிடும். டெல்லில இருக்கற ஐடிஎஸ்ஏ, ஓஆர்எஃப்னு ரெண்டு ஆய்வு நிறுவனத்துலயும் சின்ன சின்ன ஆராய்ச்சி பேப்பரு ஃப்ரீயா கெடைக்கும். ஆயுதம் யாரு யாருக்கு விக்கிறாங்கன்னு கணக்கு வேணும்னா ஸ்டாக்ஹோம்ல இருக்கற சிப்ரிங்கற ஆய்வு நிறுவனத்த பாருங்க, டேட்டாபேஸே தொறந்து வெச்சிருக்காங்க.

ஆனா என்ன கேட்டா மொதல்ல பார்லிமென்ட் வெளியுறவு நிலைக்குழு (வெளியுறவு விஷயத்த ஆராயற எம்பிங்க குழு) ரிப்போர்ட்டதான் படிக்க சொல்வேன், ஏன்னா அதுல அதிகாரிங்க சொன்ன பதிலு, குழு பண்ண சிபாரிசு எல்லாமே இருக்கும், அப்புறம் அரசு என்ன நடவடிக்கை எடுத்துச்சுன்னு தனி ரிப்போர்ட்டே வரும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சு சிபாரிசு நம்பர் பாத்து படிங்க, எத ஏத்துக்கிட்டாங்க எத தள்ளுனாங்கன்னு பளிச்சுன்னு தெரியும்.

எந்த பேப்பரா இருந்தாலும் தேதி பாருங்க, அந்த ஆராய்ச்சிக்கு பணம் யாரு குடுத்தாங்கன்னு பாருங்க. கடைசி பக்கத்து அடிக்குறிப்ப விட்றாதீங்க, அடுத்த பேப்பரு அங்கதான் கெடைக்கும்.