நீட் வேதியியல் கணக்குகள்: விடை ஆப்ஷனில் இருப்பதாலேயே சரியாகிவிடாது

நீட் தேர்வில் வேதியியலுக்கு 45 கேள்விகள், 180 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறினால் 1 போகும். கணக்குக் கேள்விகளில் மதிப்பெண்ணை இழக்கும் மாணவர்களில் பலருக்குச் சூத்திரம் நன்றாகவே தெரியும். கணக்கை முழுதாகப் போட்டிருப்பார்கள், வந்த எண் ஆப்ஷனிலும் இருந்திருக்கும். ஆனாலும் தவறு. தவறான ஆப்ஷன்களை யாரும் ஏனோதானோ என்று போடுவதில்லை. மாணவர் எங்கே சறுக்குவார் என்று யோசித்து, அந்தச் சறுக்கலில் கிடைக்கும் எண்ணையே ஆப்ஷனாக வைக்கிறார்கள்.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். 28 கிராம் நைட்ரஜனும் 5 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? ஆப்ஷன்கள்: 28.3, 33, 34, 42.5 கிராம்.

சமன்பாடு N₂ + 3H₂ → 2NH₃. நைட்ரஜன் 1 மோல், ஹைட்ரஜன் 2.5 மோல். "மோல் குறைவாக இருப்பது நைட்ரஜன், அதுதான் முதலில் தீரும்" என்று முடிவு செய்தால் 2 மோல் அம்மோனியா, அதாவது 34 கிராம் வரும். ஹைட்ரஜன்தான் முதலில் தீரும் என்று கண்டுபிடித்தும் 3-க்கு 2 என்ற விகிதத்தை மறந்தால் 42.5. இரண்டு எடையையும் கூட்டிவிட்டால் 33. மூன்றுமே ஆப்ஷனில் காத்திருக்கின்றன. செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுக்க வேண்டும். நைட்ரஜனுக்கு 1, ஹைட்ரஜனுக்கு 0.83. எது சிறியதோ அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. ஆகவே அம்மோனியா 2.5 × 2/3 = 1.67 மோல், 28.3 கிராம்.

உள்ளே போன மொத்த எடையே 33 கிராம் என்பதையும் கவனியுங்கள். அதைவிட அதிகமாக எதுவும் வெளியே வர முடியாது. 34-ம் 42.5-ம் கணக்கே போடாமல் அடிபட்டுப் போகின்றன. விடை வந்ததும் "இது நடக்கக்கூடிய எண்தானா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சில விநாடிகள் போதும். அதைச் செய்யாமல் அடுத்த கேள்விக்குத் தாவுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அலகுகள்

வெப்ப இயக்கவியலில் என்தால்பியைக் கிலோஜூலிலும் என்ட்ரோபியை ஜூலிலும் கொடுப்பது வழக்கம். ஒரு வினையின் என்தால்பி மாற்றம் 30 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 100 ஜூல் என்றால் அது சமநிலையை அடையும் வெப்பநிலை 300 கெல்வின். 30-ஐ அப்படியே 100-ஆல் வகுத்தால் 0.3 என்று வரும். பயிற்சியின்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதியே கணக்குப் போடுங்கள். தேர்வில் நேரமில்லாவிட்டாலும் கண் தானாக அலகைத் தேடும்.

வாயு மாறிலியிலும் இதே சிக்கல்தான். லிட்டர்-அட்மாஸ்பியரில் 0.0821, லிட்டர்-பாரில் 0.083, ஜூலில் 8.314, கலோரியில் ஏறக்குறைய 2. அழுத்தம் எந்த அலகில் இருக்கிறது என்று பார்த்த பிறகே மாறிலியை எடுக்க வேண்டும். கேள்வியில் 27, 127, 227 டிகிரி செல்சியஸ் என்று வந்தால், கெல்வினுக்கு மாற்றினால் 300, 400, 500 என்று முழு எண் வருவதற்காகவே அப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா என்ற குழப்பம். திட்ட அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்றும்படி வேதியியலுக்கான சர்வதேச அமைப்பான ஐயுபிஏசி 1982-இல் பரிந்துரைத்தது. 273 கெல்வினில் 1 பார் என்றால் மோலார் பருமன் 22.7 லிட்டர், 1 அட்மாஸ்பியர் என்றால் 22.4 லிட்டர். பழைய வினாத் தொகுப்புகளில் 22.4-தான் இருக்கும். கேள்வியில் அழுத்தம் கொடுத்திருந்தால் அதன்படி போங்கள். இந்த எண் வாயுவுக்கு மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும். ஒரு மோல் திரவ நீர் வெறும் 18 மில்லிலிட்டர். நீரைப் பார்த்ததும் 22.4-ஆல் வகுக்கும் கைகள் நிறைய.

மோலாரிட்டியும் மோலாலிட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற எண்ணம் நீர்த்த கரைசல்களை மட்டுமே பார்த்துப் பழகியதால் வருகிறது. 98 சதவீத கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.84 கிராம். ஒரு லிட்டரில் 18.4 மோல் அமிலம், ஆகவே மோலாரிட்டி 18.4. அதே ஒரு லிட்டரில் தண்ணீர் சுமார் 37 கிராம்தான். அப்படியானால் மோலாலிட்டி 500! ஒன்றில் கரைசலின் பருமனால் வகுக்கிறோம், மற்றதில் கரைப்பானின் எடையால் வகுக்கிறோம். இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு குழம்பவே மாட்டீர்கள்.

எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது

மின்வேதியியலில் நன்றாகப் படிக்கும் மாணவர்களே விழும் இடம் இது. தாமிரம்–வெள்ளி மின்கலத்தில் வெள்ளியின் அரைவினையை 2-ஆல் பெருக்க வேண்டும். அது எலக்ட்ரான் எண்ணிக்கையைச் சமன் செய்வதற்காக. மின்னழுத்தத்தைப் பெருக்கவே கூடாது. வெள்ளியின் 0.80-இலிருந்து தாமிரத்தின் 0.34-ஐக் கழித்தால் 0.46 வோல்ட், அவ்வளவுதான். ஆனால் கட்டிலா ஆற்றலைக் (ΔG = −nFE, n என்பது எலக்ட்ரான் எண்ணிக்கை) கணக்கிடும்போது அந்த 2 உள்ளே வரும்.

இன்னொன்று. இரும்பு மூன்று மின்சுமை அயனியிலிருந்து இரண்டு மின்சுமை அயனியாக 0.77 வோல்ட், அங்கிருந்து உலோக இரும்பாக −0.44 வோல்ட். மூன்று மின்சுமை அயனி நேராக இரும்பாக மாறினால் எவ்வளவு? சட்டென்று கூட்டினால் 0.33 என்று வரும். அது தவறு. இங்கே கூட்டத் தக்கது கட்டிலா ஆற்றலே. முதல் படியில் 1 எலக்ட்ரான், இரண்டாவதில் 2, மொத்தம் 3. ஆகவே 0.77-இலிருந்து 2 × 0.44, அதாவது 0.88-ஐக் கழித்து 3-ஆல் வகுக்க வேண்டும்: −0.037 வோல்ட். குறியே மாறிவிட்டது பாருங்கள்.

பிஹெச் மதிப்பையும் இப்படிச் சராசரி எடுக்கக் கூடாது. பிஹெச் 3 உள்ள வலிமை மிகு அமிலக் கரைசலையும் பிஹெச் 5 உள்ளதையும் சம அளவில் கலந்தால் 4 வராது, சுமார் 3.3 வரும். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 8 என்று குறித்தால், அமிலத்தைக் காரம் என்று சொன்னதாகிவிடும். தண்ணீர் தரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் 6.98.

வேகவியலில் ஒன்றே ஒன்று: முதல் வகை வினை 75 சதவீதம் முடிய இரண்டு அரைவாழ் காலம் ஆகும். ஒன்றரை என்பது பூஜ்ய வகை வினைக்குப் பொருந்தும்.

கால்குலேட்டர் கிடையாது

லாக் அட்டவணையும் கிடையாது. ஆனால் வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பயிற்சி செய்கிறார்கள். லாக் 2 = 0.301, லாக் 3 = 0.477, லாக் 7 = 0.845 என்ற மூன்று போதும், மற்ற பலவற்றை இவற்றிலிருந்தே எடுத்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் தசமத்தில் பெருக்கிக்கொண்டே போகாதீர்கள். எல்லாவற்றையும் பின்னமாகவே வைத்துக் கடைசியில் சுருக்குங்கள். 0.083 என்பது 1/12 என்று தெரிந்தால் வாயுக் கணக்கு பாதி நேரத்தில் முடியும். ஆப்ஷன்கள் தள்ளித் தள்ளி இருந்தால் தோராயமே போதும். ஜேஇஇ மெயினில் எண்ணையே உள்ளிட வேண்டிய கேள்விகளும் உண்டு, அங்கே இது செல்லாது.

தமிழ் வழி மாணவர்களுக்கு

வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018 தேர்வில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொல்லி, பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே தமிழில் படித்துப் புரிந்துகொண்டாலும் எண், அலகு, "தவறான கூற்று எது" போன்ற சொற்களை ஆங்கில வரியிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பாடத்தில் வரும் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் போதும். இதற்காக யாரும் பாட மொழியை மாற்ற வேண்டியதில்லை.

பயிற்சி செய்யும் விதம்

கணக்கு வரவில்லை என்றதும் தீர்வைத் திறப்பது இன்று ரொம்பச் சுலபம். தீர்வைப் படித்தால் புரிந்ததுபோல் இருக்கும், மறுநாள் அதே கணக்கு வராது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி, மீதியை நீங்களே போடுங்கள். மாதிரித் தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வருத்தப்படாமல், தவறிய ஒவ்வொரு கணக்குக்கும் எதிரில் காரணத்தை எழுதுங்கள்: அலகு, விகிதம், கேள்வியைச் சரியாகப் படிக்காதது, பெருக்கல் பிழை, பாடமே தெரியாதது. சில தேர்வுகளுக்குள் உங்கள் தவறுகள் ஓரிரு வகையில் குவிந்திருப்பது தெரியும். பாடமே தெரியாதது என்ற வகை மட்டும்தான் மறுபடி பாடப்புத்தகத்தைக் கேட்கிறது. மற்றவற்றுக்கு அதே வகைக் கணக்குகளை, நேரம் வைத்து, போன் இல்லாமல் போட வேண்டும்.