கார் இன்சூரன்ஸ் பிரீமியம்: தாளைப் பிரித்துப் படித்துப் பணத்தைக் குறைப்பது எப்படி

ஒரே காருக்கு மூன்று கம்பெனிகளில் விலை கேட்டால் மூன்று தொகை வரும். சில சமயம் ஒன்றுக்கொன்று பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். உடனே குறைந்ததை எடுத்துவிடத் தோன்றும். ஆனால் அந்த மூன்றும் ஒரே பாதுகாப்புக்கான விலைதானா என்பது தாளைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் இருக்காது. போன வருட பாலிசி, ஆர்சி, புதிய கொட்டேஷன்கள் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், தொகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று தேர்ட் பார்ட்டி. உங்கள் கார் இடித்து அடுத்தவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதத்துக்கானது. இன்னொன்று ஓன் டேமேஜ். உங்கள் காருக்கு வரும் சேதம், திருட்டு, தீ, வெள்ளத்துக்கானது. இரண்டும் சேர்ந்ததைத்தான் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்கிறோம்.

பேரம் பேச முடியாத பாதி

தேர்ட் பார்ட்டி கட்டணத்தை இந்தியாவில் அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியும் அதில் ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, சொந்த உபயோகக் காருக்கு ஓராண்டுக் கட்டணம் 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். மின்சாரக் காருக்கு சிசி இல்லை என்பதால் மோட்டாரின் கிலோவாட் கணக்கு: 30 வரை 1,780, 65 வரை 2,904, அதற்கு மேல் 6,712. இவற்றுக்கு மேல் ஜிஎஸ்டி. ரினியூவல் செய்யும் நாளில் எந்த அட்டவணை நடப்பில் இருக்கிறதோ அதுதான் செல்லும்.

1,498 சிசி காருக்கும் 1,598 சிசி காருக்கும் ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த வரியில் மட்டும் ஆண்டுக்கு 4,481 ரூபாய் வித்தியாசம். கார் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி தேர்ட் பார்ட்டி கட்டாயம். இல்லாமல் ஓட்டி மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அடுத்த தடவை அபராதம் 4,000. ஆனால் உண்மையான ஆபத்து அபராதத்தில் இல்லை. விபத்தில் ஒருவர் இறந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு வரம்பு கிடையாது. இன்சூரன்ஸ் இல்லையென்றால் அது முழுவதும் உரிமையாளர் தலையில் விழும்.

2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டியை ஒரே தடவையில் வாங்க வேண்டும். ஆகவே இரண்டாம், மூன்றாம் வருட ரினியூவலில் உங்களுக்குத் தேவை ஓன் டேமேஜ் மட்டுமே. அதைத் தனியாக, வேறு கம்பெனியிலும் வாங்கலாம். ஏற்கெனவே கட்டிய தேர்ட் பார்ட்டியை மறந்து மறுபடியும் முழு பாலிசி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் வருடத் தாளில் இரண்டுக்கும் முடிவுத் தேதி தனித்தனியாக இருக்கும், பாருங்கள்.

மாறுகிற பாதி

ஓன் டேமேஜ் கட்டணத்தின் மேல் இருந்த கட்டுப்பாடு 2007 ஜனவரி 1 அன்று நீங்கியது. அதற்கு முந்தைய டேரிஃப், அதாவது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டண அட்டவணை, இன்றும் பல கணக்குகளுக்கு அடிப்படையாக நிற்கிறது. அதன் மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி தள்ளுபடி கொடுக்கிறது. ஒரு மாடலுக்கு எத்தனை கிளெய்ம் வந்தது, உதிரிபாகம் என்ன விலை என்பதெல்லாம் அந்தத் தள்ளுபடியைக் கூட்டிக் குறைக்கும். வெளிநாடுகள் சிலவற்றில் ஓட்டுநரின் வயதும் ஓட்டிய வரலாறும் விலையைத் தீர்மானிக்கின்றன. நம் ஊரில் இன்னமும் பெரும்பாலும் காரைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள்.

பழைய டேரிஃப் நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டும் 'ஏ'. மற்ற எல்லா ஊரும் 'பி'. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதல்ல, கார் எங்கே பதிவானது என்பதே கணக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 'ஏ' மண்டலத்தில் 3.283 சதவீதம், 'பி' மண்டலத்தில் 3.191 சதவீதம்.

எதில் இந்தச் சதவீதம்? ஐடிவியில். கார் திருடுபோனாலோ முழுக்கச் சிதைந்தாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை அது. அந்த மாடலின் இன்றைய விற்பனை விலையிலிருந்து தேய்மானம் கழித்து வருவது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வயது தாண்டினால் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,197 சிசி கார், சென்னைப் பதிவு, விற்பனை விலை 8 லட்சம், மூன்று வயது தாண்டி நான்கு முடியவில்லை. ஐடிவி 4,80,000. அதில் 3.283 சதவீதம் 15,758. கம்பெனி 60 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்று வைத்தால் 6,303. கிளெய்ம் இல்லாத போனஸ் (என்சிபி) 35 சதவீதம் போக 4,097. தேர்ட் பார்ட்டி 3,416 சேர்த்து 7,513. ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,352. மொத்தம் 8,865 ரூபாய்.

இப்போது இன்னொருவர் 8,059 ரூபாய்க்குத் தருகிறேன் என்று வருகிறார். 806 ரூபாய் லாபம். தாளைப் பார்த்தால் ஐடிவி 4,00,000 என்று இருக்கும். விலையைக் குறைக்க மிகச் சுலபமான வழி இதுதான். 806 ரூபாய் மிச்சம் பிடித்து, கார் திருடுபோனால் 80,000 ரூபாய் இழப்பீர்கள். அதனால் எல்லா கொட்டேஷனையும் ஒரே ஐடிவிக்குப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகு வரும் வித்தியாசம்தான் நிஜமான வித்தியாசம். ஐடிவியை வேண்டுமென்றே உயர்த்திக் கேட்பதும் வீண். அதிகமாகக் கட்டுவீர்கள், அவ்வளவுதான். சிறிய பழுதுக்கு அதனால் ஒரு பைசா கூடக் கிடைக்காது.

என்சிபி: உங்கள் கையில் இருக்கும் பெரிய துருப்பு

ஒரு வருடம் கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த ரினியூவலில் ஓன் டேமேஜில் 20 சதவீதம் குறையும். தொடர்ந்தால் 25, 35, 45, ஐந்தாவது தடவை 50. தேர்ட் பார்ட்டியில் குறையாது. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம்.

இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். மேலே சொன்ன கார், பம்பர் உடைந்தது, பில் 6,000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். முழுவதும் பாகத்தின் விலை என்றே கொண்டாலும் மிஞ்சுவது 3,000. அதில் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 போனால் கைக்கு வருவது 2,000. இழப்பது என்ன? அடுத்த வருடம் 45 கிடைத்திருக்கும், இப்போது பூஜ்யம். அதற்கடுத்து 50-க்குப் பதில் 20, பிறகு 25, 35, 45. வித்தியாசங்களைக் கூட்டினால் 120 சதவீதம். போனஸுக்கு முந்தைய ஓன் டேமேஜ் 6,000 என்று நிலையாக வைத்தால் ஐந்து வருடத்தில் 7,200 ரூபாய், ஜிஎஸ்டியோடு 8,496. கார் பழசாகப் பழசாக ஐடிவி இறங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். அப்படியிருந்தும் 2,000 ரூபாய்க்காக இதை விடுவது நஷ்டம். இன்னொரு விஷயம்: கீறலைச் சரிசெய்ய உங்கள் பணத்தைக் கொடுத்த அதே வருடத்தில் பெரிய கிளெய்ம் ஒன்று வந்தால், என்சிபி எப்படியும் போய்விடும். அதனால் அவசரமில்லாத கீறலை ரினியூவலுக்கு ஒரு மாதம் முன்பு வரை தள்ளிப்போட்டு முடிவெடுங்கள். ஆனால் பாலிசியில் சொன்ன காலத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் தர வேண்டிய நிஜ விபத்தை இப்படித் தள்ளிப்போடக் கூடாது.

என்சிபி காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். காரை விற்கும்போது பழைய கம்பெனியிடம் என்சிபி ரிசர்விங் லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் வரை செல்லும். புதிதாக 12 லட்சம் ரூபாய்க்கு 1,498 சிசி கார் எடுத்தால் ஐடிவி 11,40,000, டேரிஃப்படி 37,426. கம்பெனித் தள்ளுபடி பாதி என்றால் 18,713. அதில் 50 சதவீத என்சிபி 9,356 ரூபாய். ஷோரூமில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை என்றால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஷோரூமில் தரும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே கொட்டேஷன் வாங்கிக் காட்டினால் அங்கேயே விலை இறங்குவது வழக்கம்.

கிளெய்ம் போட்டுவிட்டு, கம்பெனி மாறும்போது 'கிளெய்ம் இல்லை' என்று டிக் அடிப்பது விஷப் பரீட்சை. புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். பெரிய கிளெய்ம் வரும் நாளில் அது வெளியே வந்தால் பணம் மறுக்கப்படலாம்.

கூடுதல் கவர்களில் எது வேண்டும்

ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது பேச்சு வழக்கில் பம்பர் டு பம்பர், பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கவர்; ஐந்து வயது வரை எடுக்கத் தக்கது. காரணம் தேய்மான அட்டவணை: ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதி வெட்டு. ஃபைபருக்கு 30 சதவீதம். உலோக பாகத்துக்கு வயதுக்கேற்ப வெட்டு, நான்கிலிருந்து ஐந்து வயதில் 35 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் வெட்டு இல்லை. இப்போதைய கார்களின் முன்பக்கத்தில் தகரத்தைவிட பிளாஸ்டிக்தான் அதிகம் என்பதால் இது இல்லாமல் பில்லில் கணிசமான பங்கு உங்கள் பையிலிருந்து போகும். வருடத்துக்கு எத்தனை கிளெய்முக்குச் செல்லும் என்ற வரம்பை மட்டும் படியுங்கள். பல பாலிசிகளில் இரண்டு.

எஞ்சின் பாதுகாப்பு: சென்னை, கடலூர் போல மழை நீர் தேங்கும் ஊரில் இருப்பவர்களுக்குத் தேவை. வெள்ளத்தில் நின்ற காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அது வெள்ளச் சேதம் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று சாதாரண பாலிசியில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கழித்துவிடுவார். இந்தக் கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முடிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து, டோ செய்யச் சொல்லுங்கள்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், அதாவது கார் திருடுபோனாலோ முழுக்கச் சிதைந்தாலோ ஐடிவிக்குப் பதில் வாங்கிய பில் தொகையைத் தரும் கவர், முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு. சாவி, சொந்தப் பொருள் கவரெல்லாம் பெரும்பாலும் அலங்காரம். காரை ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் கவர் 15 லட்சத்துக்குக் கட்டாயம். ஆனால் உங்களுக்கு வேறு பாலிசியில் அந்த அளவு தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் அதைக் காட்டி இந்த வரியை நீக்கச் சொல்லலாம். இரண்டு கார் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக இதைக் கட்ட வேண்டியதில்லை.

விருப்பக் கழிவு, அதாவது கட்டாயக் கழிவுக்கு மேல் நீங்களாக ஏற்கும் தொகை, கேட்டால் யோசியுங்கள். பழைய டேரிஃபில் 5,000 ரூபாய் கழிவு ஏற்றால் 25 சதவீதத் தள்ளுபடி என்று இருக்கும், ஆனால் உச்சம் 1,500 ரூபாய். 15,000 ஏற்றாலும் உச்சம் 2,500 மட்டுமே. விபத்தே ஆகாமல் பல வருடம் ஓட்டுபவருக்குத்தான் இது கட்டுபடியாகும்.

பணம் கட்டியும் கிளெய்ம் போகிற இடங்கள்

பாலிசி முடிந்த பின் ஒரு நாள் தாமதித்தாலும் ஓன் டேமேஜ் நின்றுவிடும். காரை மறுபடி சோதித்துப் படம் எடுத்த பிறகே தருவார்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்த என்சிபி முழுவதும் போகும். முடிவுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

வெளியில் பொருத்திய சிஎன்ஜி கிட்டை ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற்றாமல் விடாதீர்கள். டேரிஃபில் கிட் மதிப்பில் 4 சதவீதமும் தேர்ட் பார்ட்டிக்கு 60 ரூபாயும்தான் கூடுதல். ஏற்றாத கிட் இருந்து தீப்பிடித்தால் வாதமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதேபோல சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டுவது, லைசென்ஸ் காலாவதியானவரிடம் கொடுப்பது.

பழைய கார் வாங்கினால் தேர்ட் பார்ட்டி தானாக உங்களுக்கு மாறும். ஓன் டேமேஜ் மாறாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும், அப்போது விற்றவரின் என்சிபி எடுக்கப்பட்டு மீதிக் காலத்துக்கான வித்தியாசத்தைக் கேட்பார்கள். அதைக் கட்டி, திருத்திய பாலிசியில் உங்கள் பெயர், பதிவு எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண் நான்கும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள்.